ட்ரிக்கருக்கும் தோட்டாவுக்கும் நடுவே

வினையைப் பற்றிப் பாடம் சொல்பவர்கள் வில்லையும் அம்பையும் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். தூணியில் கிடக்கும் அம்புகள் சஞ்சிதம். நாணில் பூட்டி இழுத்துப் பிடித்திருப்பது ஆகாமியம். கையை விட்டுப் போனது பிராரத்தம். தூணியில் இருப்பதை எறிந்துவிடலாம், நாணில் இருப்பதை இறக்கிவிடலாம், போனதை மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஞானம் வந்த பிறகும் ஞானியின் உடம்பு ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு, சங்கரர் சாந்தோக்கிய உபநிடத உரையில் விட்ட அம்பைத்தான் காட்டுகிறார்; வேகம் தீரும்வரை அது போய்த்தான் ஆகும். விவேகசூடாமணியில் ஒருவன் புலி என்று நினைத்து அம்பை விடுகிறான், விட்ட பிறகு அது பசு என்று தெரிகிறது, தெரிந்ததற்காக அம்பு நிற்பதில்லை.

திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் நானும் ஒரு மாணவன். பணி ஓய்வுக்குப் பிறகு சேர்ந்தவன். ஆசிரியர் ஐயா இந்த அம்பு உவமையைச் சொன்ன நாளிலிருந்து என் மனம் அதை அப்படியே ஏற்க மறுக்கிறது. விட்டது என்பதும் போனது என்பதும் ஒன்றுதான் என்று அந்த உவமை வைத்துக்கொள்கிறது. என் தொழில் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தில் நடந்தது. ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தேன், செகந்திராபாத்தில் பயிற்சி. இப்போது ஒரு ரைபிள் கிளப்பின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த இடத்தின் பெயர் போல்ட்.

டார்கெட் ரைபிளின் போல்ட் என்பது விரல் தடிமனில் ஓர் எஃகுத் தண்டு. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் புதுத் தோட்டா சேம்பரில் உட்காரும், லக்குகள் என்ற புடைப்புகள் பூட்டிக்கொள்ளும், உள்ளே ஸ்பிரிங் அழுந்திய நிலையில் நிற்கும். அழுந்திய ஸ்பிரிங்கை மறித்து நிற்பது சியர் என்கிற சின்ன எஃகு விளிம்பு. ட்ரிக்கருக்கு இருக்கும் வேலை ஒன்றுதான், அந்த விளிம்பை விலக்குவது. சுடுவது ட்ரிக்கர் அல்ல. ட்ரிக்கர் மறிப்பை எடுத்துவிடுகிறது, அவ்வளவே. அதற்கு முன்பே யாரோ சேர்த்துவைத்த விசைதான் சுடுகிறது.

விளிம்பு விலகியதும் ஃபயரிங் பின் ஐந்தாறு மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. .22 தோட்டாவுக்கு நடுவில் தீ மருந்து வைத்த கேப் கிடையாது. அடிப்பக்கத்து விளிம்பின் மடிப்புக்குள்தான் தீ மருந்து இருக்கும். பின் அந்த விளிம்பை நசுக்க வேண்டும். விளிம்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பின்னின் நுனி அதற்கு மேல் நீண்டால் சேம்பரின் ஓரத்தையே கொத்தும். குறைந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. சியர் விலகியதிலிருந்து பின் அடிக்கும்வரை ஆகும் நேரத்தை லாக் டைம் என்பார்கள். இக்காலத்து நல்ல டார்கெட் ரைபிளில் அது இரண்டு மூன்று மில்லி செகண்ட். பழைய ராணுவ போல்ட்டுகளில் அதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். அடி விழுந்த பிறகும் வேலை முடியவில்லை. 2.6 கிராம் ஈயக் குண்டு 69 சென்டிமீட்டர் பேரலைக் கடக்க இன்னொரு மூன்று மில்லி செகண்ட் பிடிக்கும். பேரலின் வாயைத் தாண்டிய பிறகுதான் அது சங்கரர் சொன்ன அம்பு. அங்கிருந்து 50 மீட்டர் தாண்ட செகண்டில் ஆறில் ஒரு பங்கு.

அதாவது விரல் தன் வேலையை முடித்துவிட்டது, குண்டு இன்னும் கிளம்பவில்லை, பேரல் இன்னும் நம் தோளில்தான் இருக்கிறது. இந்த ஐந்தாறு மில்லி செகண்டில் இருப்பது நாணில் பூட்டிய அம்பா, விட்ட அம்பா? இறக்கிவிட முடியாது, ஆகவே ஆகாமியம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பேரல் அசைந்தால் குண்டும் அசையும். ஆகவே பிராரத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. வில்லாளிகளுக்கும் இது தெரியும். நாணை விட்ட பிறகும் அம்பு கொஞ்ச நேரம் நாணோடு ஒட்டியே வருகிறது, பிடித்த கை ஆடினால் அம்பும் ஆடும். உவமை சொன்னவர்கள் தத்துவத்துக்குத் தேவையான அளவு எடுத்துக்கொண்டார்கள், அதில் பிழையில்லை. எனக்கு மீதியும் வேண்டியிருக்கிறது.

போல்ட்டைச் சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல, ஆனால் அதில் கருணை காட்டக் கூடாத இடங்கள் உண்டு. .22 குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட அந்த மெழுகும் கரியும் சேர்ந்து போல்ட் முகத்தில் பிசினாகப் படியும், இரு பக்கமும் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிகளின் அடியில் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அதை மரக்குச்சியால் எடுத்துவிட்டு சிந்தியால் துடைக்க வேண்டும். சிந்தி என்றால் ராணுவத்தில் துப்பாக்கி துடைக்கும் துணித்துண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. லக்குகளின் பின்புறத்திலும் காக்கிங் சரிவிலும் கடுகளவு கிரீஸ். உள்ளே ஸ்பிரிங்குக்கும் பின்னுக்கும் எண்ணெய் தொட்டும் தொடாமலும் ஒரு மெல்லிய பூச்சு. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தாராளமாக ஊற்றுவார்கள், எண்ணெய் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்தில். நம் ஊர் வெயிலில் ஒன்றும் தெரியாது. தேசியப் போட்டிக்காக மார்கழிக் குளிரில் டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போய் நிற்கும் காலையில் அந்த எண்ணெய் இறுகும். பின் தயங்கி ஓடும், அடி மெதுவாக விழும், மருந்து ஒரு முறை நன்றாகவும் ஒரு முறை அரைகுறையாகவும் பிடிக்கும். குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். சுடும் பிள்ளை தன் மூச்சைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கும்.

ஆயுத பூஜை அன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். படைப்பிரிவுகளில் விஜயதசமிக்கு நடக்கும் சஸ்திர பூஜையிலும் அப்படித்தான். நான் மரக்கட்டையில் மட்டும் பொட்டு வைக்க விடுவேன். போல்ட்டைத் தனியே கழற்றி வெள்ளைத் துணியில் வைத்து அதற்குத் தீபம் மட்டும் காட்டச் சொல்வேன். சந்தனத் தூள் எக்ஸ்ட்ராக்டரில் இறங்கினால் மணலுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பூசாரி முதல் வருடம் முகம் சுளித்தார், பிறகு பழகிக்கொண்டார். கருவியை வணங்குவது என்றால் அது தன் வேலையைச் செய்யக்கூடிய நிலையில் அதை வைத்திருப்பதுதான் முதல் வழிபாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். மகாராஷ்டிரத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதற்குப் பிறகு ஏர் ரைபிளிலேயே இருந்த பிள்ளைகள் பலர் .22 பக்கம் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பெண், பொறியியல் கல்லூரி மாணவி, கிளப்பின் பழைய அன்ஷூட்ஸ் ஒன்றை எடுத்துச் சுடுகிறாள். ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்யப்பட்ட 54 வகை ஆக்‌ஷன். ஒரு நாள் போல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

“சார், இதோட லாக் டைமைக் குறைக்கணும். லேசான பின்னும் கெட்டி ஸ்பிரிங்கும் போட்டா ரொம்பக் குறையுமாமே.”

“குறையும்மா. எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டியா?”

போட்டிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து போட்டோம். ஸ்பிரிங் அதேதான், ஓடும் தூரமும் அதேதான், பின்னின் எடையை மட்டும் பாதியாக்கினால் நேரம் பாதியாவதில்லை; வர்க்கமூலக் கணக்கு, பழைய நேரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் மிஞ்சும். எடையைக் கால் பங்காக்கினால்தான் நேரம் பாதியாகும். எஃகை எடுத்துவிட்டு டைட்டானியத்தில் செய்தாலும் அவ்வளவு இறங்காது. ஸ்பிரிங்கை இறுக்கினால் நேரம் குறையும், ஆனால் கைப்பிடியைத் தூக்குவது கனமாகும், படுத்துச் சுடும்போது ஒவ்வொரு தோட்டாவுக்கும் தோள் கலையும். ஓடும் தூரத்தைக் குறைத்தால் அடியின் பலம் குறையும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

லேசான பின்னால் வேறொரு நன்மை உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கனமான பின் முன்னால் ஓடி மோதி நிற்கும்போது ரைபிளையே ஒரு உலுக்கு உலுக்கும், குண்டு பேரலுக்குள் இருக்கும்போதே. எடை குறைந்தால் அந்த உலுக்கல் குறையும். ஆகவே மாற்றுவது தப்பில்லை என்றேன். தயாரிப்பாளர் தரும் பின், தயாரிப்பாளர் தரும் ஸ்பிரிங், போல்ட்டுக்குள் மட்டும். பேரலையும் ரிசீவரையும் யாரும் தொடக் கூடாது, 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் வேடிக்கைக்கு எழுதப்பட்டதில்லை. லக்குகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை ஒன்றும் இவர்களிடம் பரவுகிறது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதைத் தேய்த்தெடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. தேய்த்த அளவுக்குத் தோட்டாவின் பின்னால் இடைவெளியும் கூடும். அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

பழைய .303 என்ஃபீல்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கி. அதன் லக்குகள் போல்ட்டின் பின்கோடியில் இருக்கின்றன. வெடிக்கும்போது நீண்ட போல்ட் உடம்பு முழுவதும் நெருக்குண்டு, ஆக்‌ஷன் வளைந்து கொடுக்கும். பொறியியல் புத்தகப்படி அது குறை. ஆனால் இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 900, 1000 கெஜத்தில் சுடுகிறவர்கள் அந்தக் குறையைத் தேடி அதே துப்பாக்கியை எடுத்தார்கள். வளைந்து அதிரும் பேரலிலிருந்து வேகம் குறைந்த குண்டு சற்றுப் பிந்தி, சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்பும். தூரம் போகப் போக வேகக் குண்டும் மெதுவான குண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். இந்த நடு நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை முழுதாகத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் என்ஃபீல்டை ஒரு முறை படிக்கச் சொல்வேன்.

எவ்வளவு செலவழித்தாலும் லாக் டைம் பூஜ்யமாகாது என்பதை அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டதுதான் கேள்வி. “அந்த நேரத்துல நான் என்ன சார் செய்யணும்?”

ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டப்பந்தயத்தில் வெடிச்சத்தம் கேட்டு 0.1 செகண்டுக்குள் கால் எடுத்தால் அதைத் தவறான புறப்பாடு என்று தள்ளுகிறார்கள். சத்தம் கேட்டு எந்த மனிதனும் அதற்குள் எதிர்வினை செய்ய முடியாது, முன்கூட்டியே கிளம்பியிருக்கிறான் என்று பொருள். நம் இடைவெளியோ அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ. அந்த நேரத்துக்குள் ஒரு எண்ணம் மூளையில் எழுந்து கைக்கு வந்து சேராது. ஆக அந்தக் கணத்தில் தோள் துள்ளியது, கண் இமைத்தது, கன்னம் கட்டையை விட்டு எழும்பியது என்றால், அது அந்தக் கணத்தில் செய்த தவறே அல்ல. ட்ரிக்கர் அமுங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்ட தவறு.

ஸ்கேட் என்று ஒரு மின்னணுக் கருவி பயிற்சிக்கு இருக்கிறது. பேரலின் குறி இலக்கில் எங்கெங்கே நகர்ந்தது என்று கோடாகத் திரையில் காட்டும். பல பிள்ளைகளின் கோடுகளை அதில் பார்த்திருக்கிறேன். சுட்டதும் துப்பாக்கியை இறக்கிவிடுகிற பிள்ளைகளுக்குக் கோடு கலைவது சுட்ட பிறகு அல்ல, சுடுவதற்குச் சற்று முன்பே. ‘விரல் அமுங்கியதும் என் வேலை முடிந்தது’ என்று மனத்தில் எல்லை போட்டவர்களின் உடம்பு, அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேலையை விட்டுவிடுகிறது. சுட்ட பிறகும் அப்படியே இருப்பேன், பேரல் துள்ளி அடங்கித் தானாக இலக்குக்குத் திரும்பும்வரை இருப்பேன் என்று நினைத்தவர்களின் கோடு அந்த ஐந்தாறு மில்லி செகண்டிலும் கலைவதில்லை. இதைத்தான் ஃபாலோ த்ரூ என்கிறார்கள். கடைசியில் ஒட்டவைக்கும் ஒரு பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணத்தின் நீளம். எண்ணம் தன் செயலைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செயல் முடிவதற்குள் எண்ணம் தீர்ந்துபோகும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47ஆம் சுலோகத்துக்கு வருகிறேன். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற அந்த உபதேசத்தை நம் ஆட்கள் எடுத்துக்கொள்ளும் விதம் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது. ‘நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி அவன் பாடு’ என்று அலுவலகத்திலும் வீட்டிலும் சொல்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, மருந்து எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பலனைத் துறப்பதாகப் பேர், துறப்பது செயலின் பின்பாதியை. கண்ணன் துறக்கச் சொன்னது பலனைத்தானே தவிர, செயலை நடுவில் கைவிடச் சொல்லவில்லை. செயல் எங்கே முடிகிறது என்று அந்தச் சுலோகம் சொல்லவில்லை. அதை அவரவர் தொழில்தான் சொல்ல வேண்டும். என் தொழில் சொல்லும் எல்லை விரல் அல்ல, பேரலின் வாய்.

கிரேக்க ரோமானிய ஸ்டோயிக்குகளும் இதே வில்லாளியைப் பிடித்திருக்கிறார்கள். சிசரோ கி.மு. 45இல் எழுதிய, நன்மை தீமைகளின் எல்லைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஸ்டோயிக்குகளின் தரப்பில் கேட்டோ பேசுகிறார்: நேராக எய்வதற்குத் தன்னால் ஆனதெல்லாம் செய்வதுதான் எய்பவனின் முடிவான நோக்கம், இலக்கில் படுவது விரும்பத்தக்கது, அவ்வளவுதான். காற்று வந்து அம்பைத் தள்ளினால் அவன் தோற்றவன் அல்ல. எனக்குப் பிடித்த வாதம். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு பக்கக் காற்று போதும் அதைத் தவறவிட. ஆனால் தன்னால் ஆனதெல்லாம் என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்ற இடத்தில் நான் இன்னும் கறாராக இருக்கச் சொல்வேன். போன மாதம் போல்ட்டைத் துடைத்தது அடங்கும். சுட்ட பிறகு அசையாமல் இருந்தது அடங்கும். எய்யும் கணம் மட்டும் செயல் அல்ல.

நல்ல சுடுநர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. திரையில் புள்ளி தெரிவதற்கு முன்பே, ‘ஒன்பது, நாலு மணிப் பக்கம்’ என்று சொல்லிவிடுவார்கள். ஷாட்டைக் கால் பண்ணுவது என்பார்கள். பத்து விழுந்தும் முகம் மலராதவரைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அவர் ஒன்பது என்று சொல்லியிருந்தார், காற்று கொண்டுபோய்ப் பத்தில் போட்டுவிட்டது. சைவ சித்தாந்தம் சொல்லும் இருவினையொப்பை இதில் பார்க்கிறேன். நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் மனம் சமமாக இருப்பது. அது கண்டுகொள்ளாமை அல்ல. தான் செய்தது என்ன என்று இம்மி பிசகாமல் தெரிந்தவருக்குத்தான் பலனில் சமமாக இருக்க முடியும். தெரியாதவர் பத்தைக் கண்டு துள்ளுவார், எட்டைக் கண்டு அழுவார், இரண்டுமே அவருக்கு வெளியிலிருந்து வந்த செய்தி.

இதுவரை சுடுகிறவரின் பக்கம். என் பக்கம் வேறு. ஆர்மரர் செய்யும் வேலை தன் விரலில் முடிவதில்லை, வேறொருவர் விரலில் முடிகிறது.

ராஜஸ்தான் எல்லையில் இருந்தபோது நடந்தது. இரவு காவலில் நின்ற ஜவான் ஒருவன் இருட்டில் உருவம் ஒன்று நகர்வதைப் பார்த்து, மூன்று முறை குரல் கொடுத்து, பதில் வராமல் சுட்டுவிட்டான். நீல்காய், மானும் மாடும் கலந்தாற்போல இருக்கும் பெரிய விலங்கு. “வெரல் அமுங்கினப்பவே தெரிஞ்சு போச்சுண்ணே, மனுசன் இல்லன்னு” என்றான். விவேகசூடாமணியைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்க வழியில்லை, நானும் அப்போது படித்ததில்லை. அவன் அன்று ரொட்டி தொடவில்லை. அந்த ரைபிளின் ஃபயரிங் பின்னை அந்த வாரம்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். தோட்டா நெருப்புப் பிடிக்காமல் போயிருந்தால் அந்த விலங்கு பிழைத்திருக்கும். வந்தது மனிதனாக, கையில் ஆயுதத்தோடு இருந்திருந்தால், நெருப்புப் பிடிக்காத தோட்டா என் தோழனைக் கொன்றிருக்கும். என் வேலை இரண்டுக்கும் பொதுவாக நின்றது. என் கைபட்ட மற்ற போல்ட்டுகள் எங்கெங்கே போயின, எதன் மேல் சுடப்பட்டன என்று எனக்குத் தெரியாது. ‘நான் ரிப்பேர்தான் செய்தேன்’ என்று சொல்லித் தூங்க முடியும்தான், பலர் அப்படித் தூங்குகிறார்கள். என்னால் அந்த வார்த்தையை முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை.

மீமாம்சகர்கள் இதற்குச் சமமான ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். வேள்வி இன்று முடிந்துவிடுகிறது, சொர்க்கம் எப்போதோ கிடைக்கிறது. நடுவில் எது அதைச் சுமந்துபோகிறது? அபூர்வம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் என்றார்கள். சபரரும் குமாரிலரும் அதை விரித்து எழுதினார்கள். வேறு எவரும் தேவையில்லை, வினையே தன் பலனைக் கொண்டு சேர்க்கும். அழுந்திய ஸ்பிரிங் போல்ட்டுக்குள் இருப்பதை நான் கையால் தொட்டறிந்தவன், ஆகவே அந்தக் கருத்து எனக்கு எளிதில் பிடிபடுகிறது. நான் திங்கள்கிழமை ஸ்பிரிங் மாட்டுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு யாரோ ஒருவர் மறிப்பை விலக்குகிறார்.

ஆசிரியர் ஐயா இதை ஏற்க மாட்டார். சித்தாந்தத்தில் வினை சடம். தன்னைச் செய்தவர் யார் என்று தேடிப் போய்ச் சேரும் அறிவு அதற்கு இல்லை. வினை செய்பவர், வினை, அதன் பயன், அந்தப் பயனைக் கூட்டிவைப்பவன் என நான்கையும் ஒப்புக்கொள்வது சைவம். நான்காவதை விட்டால் மற்ற மூன்றும் ஒன்றோடொன்று சேராது. “உங்க போல்ட்டுக்குத் தெரியுமாங்க ஐயா, எதிர்ல நிக்கிறது யாருன்னு?” என்று என்னையே கேட்டார். தெரியாது. போல்ட்டைப் போலத் தெரியாமை எதற்குமே கிடையாது. காகிதத்துக்கும் மார்புக்கும் ஒரே அடிதான் அடிக்கும்.

பெரிய புராணத்தில் இந்த நான்கையும் கணக்கிட்டுப் பார்த்து முடிவுக்கு வந்தவர் சாக்கிய நாயனார். காஞ்சிக்குப் போய்ப் புத்த நெறியில் சேர்ந்தவர், சிவமே மெய்ப்பொருள் என்று தெளிந்த பிறகும் அந்த உடையைக் களையவில்லை. வெட்டவெளியில் இருந்த லிங்கத்தின் மேல் ஒரு நாள் தன்னை மறந்து கல்லை எறிந்தார், மறுநாள் முதல் அதையே நாள்தோறும் பூசையாக வைத்துக்கொண்டார். எறியாமல் உண்ண மாட்டார். ஒரு நாள் மறந்து உண்ண உட்கார்ந்துவிட்டு, நினைவு வந்ததும் இலையை விட்டு ஓடினார். அறுபத்து மூவரில் குறிபார்த்து எறிந்தே வீடு பெற்றவர் இவர், அதனால் இவர் மேல் எனக்குத் தனி ஈடுபாடு. வெளியே பார்த்தால் அந்தச் செயலும் வன்முறைதான், கல் கல்தான். பூவாக அதை ஆக்கியது எறிந்த கணத்து நினைப்பு மட்டும் என்று சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஓட்டம்தான் பெரிதாகப் படுகிறது. இலையில் சோறு இருக்கும்போது நினைவு வந்து எழுந்து ஓடிய கால்கள். அந்த எண்ணம் கல்லைவிட நீளமாக இருந்தது, அன்றாடத்தைத் தாண்டி இருந்தது. ஒரு நாள் மறதியைக்கூட அது தாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

ஆனால் நாயனாரின் கல் நாயனாரின் கையிலிருந்தே போனது. என் கேள்வி அதனால் தீரவில்லை. பிறர் கையில் முடியும் வேலையில் எனக்குப் பங்கு உண்டு என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், பயனில் அல்ல, பொறுப்பில். அதனால்தான் கிளப்பில் ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு நோட்டு. போல்ட் எண்ணும் ரைபிள் எண்ணும் ஒன்றுதானா என்பது முதல் வரி. மொத்தமாகக் கழற்றித் துடைக்கும் நாளில் போல்ட்டுகள் மாறிப்போவது நடக்கக்கூடியது, மாறிய போல்ட் ஆளையே காயப்படுத்தும். பிறகு எந்தப் பாகம் எப்போது மாறியது, பழைய பாகம் எங்கே இருக்கிறது, பின் எவ்வளவு நீண்டிருக்கிறது, யார் மாற்றினார். கையெழுத்து. அந்தப் பெண்ணின் ரைபிளுக்குப் புதுப் பின்னும் ஸ்பிரிங்கும் போட்டாயிற்று. பழையதை உறையில் போட்டு எண் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், பிடிக்கவில்லையென்றால் திருப்பி மாட்டலாம். குண்டுகள் இப்போது உயரத்தில் கொஞ்சம் ஒடுங்கி விழுகின்றன. புதுப் பின்னாலா, ஃபாலோ த்ரூவாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை, சொல்லவும் விரும்பவில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் இந்த நடு நேரத்தைப் பற்றி விரிவாகவே சொன்னேன். உவமையை அதன் எல்லை தாண்டி இழுக்கக் கூடாது என்றார். பேரலை விட்டுப் போகும்வரை எல்லாமே ஆகாமியக் கணக்குதான், புதுப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. எனக்குப் பெயர் முக்கியமில்லை. கைவிட்ட பிறகும் கைக்குள் இருக்கும் ஒரு நேரம் உண்டு, அங்கே நாம் புதிதாக ஒன்றும் செய்ய முடியாமல், ஏற்கெனவே எப்படி ஆகியிருக்கிறோமோ அப்படியே இருக்கிறோம், இதை நூல் ஏற்கிறதா என்பதே என் கேள்வி. சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் பத்தாவது, இறைபணியில் நிற்பவரை வினை பற்றாது என்பதைப் பேசுகிறது. நிற்றல் என்பது எப்போது தொடங்கி எதுவரை என்று அங்கே கேட்கப்போகிறேன். வகுப்பு இன்னும் இரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. வினை சடம் என்ற இடத்தில்.